இடமிருந்து மூன்றாவது ஆள்

தன் வீட்டு ஆளின் படம் பேப்பரில் வருகிறது என்றால் யாருக்குத்தான் கை சும்மா இருக்கும்? பக்கம் அக்காவுக்கும் இருக்கவில்லை.

ஆபீசில் எல்லாரும் அவளை அப்படித்தான் கூப்பிட்டார்கள். அந்த நாளிதழின் உள்ளூர்ப் பதிப்புக்கு முதல் பக்கம் கட்டுவது இருபத்திரண்டு வருஷமாக அவள் வேலை. எந்தச் செய்தி மேலே, எது கீழே, எந்தப் படம் எத்தனை பத்தி அகலம் என்று கம்ப்யூட்டரில் அடுக்கி, மாலை ஏழு மணிக்குள் அச்சுக்கு அனுப்பிவிட வேண்டும். ஏழுக்கு மேல் ஒரு நிமிஷம் ஆனாலும் கீழே அச்சுக்கூடத்திலிருந்து போன் வரும். அந்தப் போனில் வருகிற வார்த்தைகளைப் பேப்பரில் போட முடியாது.

அன்று புதன்கிழமை. பருவம் தப்பிய மழை ஜன்னலில் அடித்துக்கொண்டிருந்தது. ஆறேகாலுக்குப் படம் வந்தது. மூன்று பேர் ஒரு ஜீப்பை நோக்கி நடக்கிறார்கள். இடது ஓரத்தில் கைதான மருந்துக் கிடங்கு மேற்பார்வையாளர், நடுவில் சாதாரண உடுப்பில் ஒரு போலீஸ் அதிகாரி, மூன்றாவதாக அவளுடைய அண்ணன்.

அண்ணன் அரசு ஆஸ்பத்திரியின் மருந்துக் கிடங்கில் வேலை பார்த்தான். காய்ச்சல் மருந்து குடித்த ஐந்து வயதுப் பெண்குழந்தை ஒன்று போன வாரம் இறந்துபோனது. சேதி கேட்ட அன்றே அண்ணன் கிடங்கில் தனியாக உட்கார்ந்து பாட்டில் பாட்டிலாக எடுத்து, ஒட்டியிருந்த தாளை நகத்தால் சுரண்டிப் பார்த்தான். புதுத் தாளுக்குக் கீழே பழைய தாள். தேதி முடிந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. நகத்தில் பசை காய்வதற்குள் போலீசுக்குப் போய்விட்டான். புதுத் தாள் ஒட்ட வைத்த மேற்பார்வையாளர் மாட்டினார்.

அந்தப் படத்துக்கு உதவி ஆசிரியர் இரண்டு பத்தி அகலம்தான் ஒதுக்கியிருந்தார்.

"சார், நாலு பத்தி குடுங்க சார். எங்கண்ணன்."

"உங்கண்ணன்னா முழுப் பக்கத்தையும் எழுதிக் குடுத்துருவோமா?" என்று சிரித்தவர், பிறகு, "சரி, எடுத்துக்கோ. அடிக்கடி கேக்கற ஆள் இல்ல நீ" என்றார்.

படம் வைக்க இடம் கிடைத்தது பக்கத்தின் வலது ஓரத்தில். படத்தில் இருந்தவர்களோ வலது பக்கம் பார்த்து நடந்துகொண்டிருந்தார்கள். பக்கம் கட்டுகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. படத்தில் இருப்பவர் பக்கத்துக்கு உள்ளே பார்க்க வேண்டும். வெளியே பார்த்தால் படிக்கிறவர் கண்ணும் கூடவே பேப்பரை விட்டு வெளியே போய்விடும் என்பார்கள். அதனால் கண்ணாடியில் தெரிவதைப் போல இடத்தை வலமாக்கிப் படத்தைத் திருப்பிவிடுவார்கள். படத்துக்குள் எழுத்து எதுவும் இருந்தால்தான் திருப்பக் கூடாது, அது காட்டிக்கொடுத்துவிடும். அக்கா உற்றுப் பார்த்தாள். ஜீப்பின் நம்பர் பலகை படத்தில் விழவில்லை. ஒரு சொடுக்குதான். அண்ணன் உள்ளே பார்த்தான்.

நிருபர் எழுதி அனுப்பிய வரியைப் படத்துக்குக் கீழே ஒட்டினாள். அதை அவள் படிக்கவில்லை. வேறு யாருடைய படமாக இருந்தாலும் படித்திருப்பாள், ஒவ்வொரு முகத்திலும் விரலை வைத்து எண்ணியிருப்பாள். இந்தப் படத்தில் யார் யார் என்று அவளுக்கு யாரும் எழுதிக் காட்ட வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் காலையில் அதை முதலில் பார்த்தவர் அப்பா. முப்பத்தைந்து வருஷம் அதே பத்திரிகையில் பிழை திருத்தியவர். ஓய்வு பெற்றுப் பதினெட்டு வருஷம் ஆகியும் சிவப்புப் பேனா இல்லாமல் பேப்பரைத் தொடமாட்டார். திருத்தி முடித்த பேப்பரை யாருக்கு அனுப்புவது என்பதுதான் அவருக்கு இன்னும் பிடிபடவில்லை.

"அம்மாடி, இங்க வா."

"என்னப்பா, ஒற்று விட்டுப்போச்சா?" என்று கேட்டுக்கொண்டே டீயோடு வந்தாள்.

அவர் படத்துக்குக் கீழே இருந்த வரியைப் பேனாவால் தொட்டார். 'இடமிருந்து: கைது செய்யப்பட்ட கிடங்கு மேற்பார்வையாளர், காவல்துறை அதிகாரி, புகார் கொடுத்த ஊழியர்.'

"எண்ணு."

எண்ணினாள். இடது பக்கம் முதலில் நின்றது அண்ணன்.

"படத்தைத் திருப்பினியா?"

"திருப்பினேன்ப்பா."

"படிக்கலையா?"

அவள் டம்ளரைக் கீழே வைக்கத் தோன்றாமல் சூட்டோடு பிடித்துக்கொண்டே நின்றாள்.

அடுப்படியிலிருந்து அண்ணி எட்டிப் பார்த்தாள். "என்ன மாமா, என்ன ஆச்சு?" வந்து பேப்பரைப் பார்த்தவள் ஒரு நொடி சிரித்துவிட்டாள், புருஷன் படம் அவ்வளவு பெரிதாக இருந்ததால். அப்புறம்தான் வரியைப் படித்தாள். "ஐயோ, அவர் ஆறு மணி பஸ்ஸுக்குப் போயாச்சே!"

போன் அடித்துக்கொண்டே இருந்தது. அண்ணன் எடுக்கவில்லை.

ஏழரை மணிக்கு ஒரு ஆட்டோக்காரர் அவனைக் கொண்டுவந்து இறக்கினார். சட்டையில் பொத்தான் ஒன்றுகூட இல்லை. இடது கை மணிக்கட்டுக்கு மேலே வீங்கியிருந்தது. பஸ் நிறுத்தத்தில் முதலில் ஒரு பெண் 'நீதானே அந்த ஆளு' என்று கேட்டாளாம், பிறகு நாலு பேர் வந்தார்களாம். ஆட்டோக்காரர் காசு வாங்கவில்லை. அண்ணனுடைய முகத்தைப் பார்க்காமலேயே வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

"பஸ் ஸ்டாப்ல அத்தனை பேர்கிட்டயா பேப்பர் இருந்துச்சு?" என்று அப்பா கேட்டார்.

"பேப்பர் எங்கப்பா இருக்கு? எல்லாம் போன்ல. மேல பத்திரிகை பேரு, கீழ என் படம், அந்த ஒரு வரி. அதை மட்டும் யாரோ புடிச்சு அனுப்பியிருக்காங்க. செய்தி கிடையாது. செய்தியில என் பேரு சரியாத்தான் இருக்குன்னு கத்தினேன். யார் கேட்டா?"

அக்கா அவன் காலடியில் உட்கார்ந்தாள். "அண்ணே, நான்தான் பண்ணினேன். நீ நல்லா தெரியணும்னு திருப்பிட்டேன்."

"தெரியும். படத்துல என் சட்டைப் பை வலப்பக்கம் இருந்துச்சே. அடி வாங்கிட்டு இருக்கும்போதுதான் அதைப் பார்த்தேன்." சிரிக்கப் பார்த்தான், உதடு கிழிந்திருந்ததால் முடியவில்லை. "சரி விடு. நாளைக்குத் திருத்தம் போடுவீங்கல்ல? அந்தப் புள்ளையோட அப்பா அம்மா பாக்கற மாதிரி போடு. மத்தவங்க என்ன நினைச்சாலும் பரவாயில்ல. அவங்க என்னை அப்படி நினைச்சுடக் கூடாது."

அவளிடம் அவன் வாழ்க்கையில் கேட்ட பெரிய காரியம் அதுதான்.

அப்பா வீட்டில் இருக்கமாட்டேன் என்றுவிட்டார். மழையில் குடையோடு தெருவில் இறங்கினார். எந்த வீட்டில் பேப்பர் கிடந்தாலும் வாங்கி, அந்த வரியை அடித்து, பக்கத்தில் சிவப்பில் சரியாக எழுதிக் கொடுப்பது என்று கணக்கு. முதல் வீட்டில் பேப்பர் இல்லை. இரண்டாவது வீட்டிலும் இல்லை. பன்னிரண்டு வீடு ஏறி இறங்கியதில் இரண்டே பேப்பர் கிடைத்தது. அதில் ஒன்று போன மாதத்தது, செருப்புக்குக் கீழே விரித்திருந்தது.

முடிவெட்டும் கடையில் போய் உட்கார்ந்துவிட்டார்.

"இந்தக் கடைக்கு ஒரு பேப்பர் வரும், ஞாபகம் இருக்கா? உங்கப்பா காலத்துல. ஒருத்தர் சத்தமாப் படிப்பார், நாப்பது பேர் கேப்பாங்க. எல்லையில சண்டை நடந்த வருஷம் வெளிய தெரு வரைக்கும் நிப்பாங்க. நாங்க ஈய எழுத்துல ஒரு பேரை மாத்திப் போட்டுட்டோம்னு வை, மறுநாள் திருத்தம் வரும். அதையும் அந்த ஆளே சத்தமாப் படிப்பார். அதே நாப்பது பேர் கேப்பாங்க. 'அடப்பாவி, அவன் இல்லையாம்டா'ன்னு அங்கேயே முடிஞ்சிரும்."

"இப்ப கண்ணாடி துடைக்க எடைக்கு வாங்கறதோட சரி, பெரியவரே." முடிவெட்டுகிறவர் நல்ல மனுஷர். சங்கடத்தோடு தன் போனை எடுத்துக் காட்டினார். "எனக்கே ஏழு பேர் அனுப்பிட்டாங்க. உங்க பையன்னு தெரியும், அதனால நான் யாருக்கும் அனுப்பல."

"இதைத் திருத்த முடியுமா?"

"போனையா?"

"இந்த வரியை."

முடிவெட்டுகிறவர் கத்தரியைத் துடைத்தார். அப்பா சிவப்புப் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு அந்தச் சின்ன வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பேப்பர் வாங்குவதை நிறுத்தியவர்கள் பேப்பரை நம்புவதை மட்டும் நிறுத்தவில்லை என்பது அவருக்கு அன்றுதான் புரிந்தது. புரிந்து என்ன செய்ய? வீட்டுக்கு வந்து ஈரத் துணியோடு படுத்துவிட்டார்.

அக்கா ஆபீசுக்கு ஓடினாள். பத்திரிகை ஆசிரியர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

"தப்புதாம்மா. நான் மறுக்கல. ரெண்டாம் பக்கத்துல போட்டுருவோம். வக்கீல்கிட்ட கேட்டு ரெண்டு வரி வாங்கி வச்சிருக்கேன்."

அந்த இரண்டு வரி இப்படி இருந்தது. 'நேற்றைய முதல் பக்கப் படத்தின் விளக்கத்தில் இருப்பவர்கள் இடம் மாறிவிட்டனர். வருந்துகிறோம்.'

"யார் எங்க மாறினாங்கன்னு இல்லையே சார்?"

"அதைச் சொன்னா, தப்பை ஒத்துக்கிட்டு நாமளே எழுதிக் குடுத்த மாதிரி ஆயிரும். நாளைக்கு யாராவது கேஸ் போட்டா?"

"முதல் பக்கத்துல நாலு பத்தியில பண்ணின தப்பை ரெண்டாம் பக்கத்துல ராசிபலனுக்குக் கீழ சொன்னா யார் சார் பாப்பாங்க?"

"காலங்காலமா அப்படித்தாம்மா போடறோம்."

"காலங்காலமா படிச்சாங்க சார்."

வெள்ளிக்கிழமை அந்த இரண்டு வரி வந்தது. அதைப் படம் பிடித்து யாரும் யாருக்கும் அனுப்பவில்லை. அக்காவே தனக்குத் தெரிந்த அத்தனை பேருக்கும் அனுப்பினாள். 'என்னது இது, ஒண்ணும் புரியல' என்று மூன்று பதில் வந்தது.

சனிக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து அண்ணனுக்குப் போன். எல்லாம் அடங்குகிற வரைக்கும் லீவில் இருக்கச் சொன்னார்கள். "உங்க நல்லதுக்குத்தான்" என்றாராம் பெரிய டாக்டர். புகார் கொடுத்த ஆள் வீட்டுக்குள், தாளை மாற்றிய ஆள் ஜாமீனில் வெளியே. ஞாயிற்றுக்கிழமை வாசல் கதவில் யாரோ சாணியை அடித்திருந்தார்கள். அண்ணன் மகள், மூன்றாம் வகுப்புப் படிக்கிறவள், அதை வாளித் தண்ணீரால் கழுவிக்கொண்டிருந்தாள். யாரும் சொல்லாமல் அவளாகவே.

"விடு குட்டி, அத்தை கழுவறேன்."

"நீங்க படத்துல கழுவுங்க, அத்தை" என்றது அது.

எட்டு வயதுக்கு அவ்வளவு பேச்சு எங்கிருந்து வந்ததோ. அக்கா அந்த வாளியின் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதாள். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்த அண்ணி அவளைத் தேற்ற வரவில்லை. நாலு நாளாக அவள் சாப்பிடக் கூப்பிடுவதைத் தவிர அக்காவிடம் வேறு வார்த்தை பேசியதில்லை.

திங்கட்கிழமை மத்தியானம் அக்கா இரண்டு காகிதங்களோடு ஆசிரியர் அறைக்குள் நுழைந்தாள். ஒன்று ராஜினாமா. இன்னொன்றில், 'படத்தைத் திருப்பியது நான், விளக்கத்தைப் படிக்காதது நான், பத்திரிகைக்கு இதில் பங்கில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாள்.

"ரெண்டையும் வச்சுக்கங்க சார். எவன் கேஸ் போட்டாலும் என் மேல போடட்டும். அதே இடம், அதே நாலு பத்தி, அதே படம், திருப்பாம. மேல கொட்டை எழுத்துல, 'புகார் கொடுத்தவர் இவர், குற்றவாளி இவரல்ல.' அது போதும்."

"அதே படம் எதுக்கும்மா? வெறும் செய்தியாப் போடலாமே?"

"செய்தியை யார் சார் படிக்கறா? படத்தைத்தான் புடிச்சு அனுப்பறாங்க. இதையும் புடிச்சு அனுப்பட்டும்."

ஆசிரியர் வெகுநேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ராஜினாமாவைக் கிழித்தார், மற்றதை மேசைக்குள் வைத்துக்கொண்டார். மனுஷர் இரக்கப்பட்டாலும் ஜாக்கிரதைதான். "சரி. நாளைக்கு ஒரு நாள். இதுக்கு அப்புறம் இந்த விஷயத்தைப் பத்தி என்கிட்ட வரக் கூடாது."

நாலு மணிக்குள் அவள் அந்தப் பக்கத்தைக் கட்டி முடித்தாள். கீழே இருந்த வரியை ஏழு தடவை படித்தாள். விரலை வைத்து எண்ணினாள். இடமிருந்து மூன்றாவது ஆள் அண்ணன். வலது ஓரத்தில் நின்று பேப்பருக்கு வெளியே பார்த்தான். பார்க்கட்டும் என்று விட்டாள்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது முதலில் எழுந்தது அண்ணி. ஒன்றும் பேசாமல் அடுப்பைப் பற்றவைத்து, பாலில் சர்க்கரை தூக்கலாகப் போட்டு டீ வைத்தாள். முதல் டம்ளரை அக்கா கையில் கொடுத்தாள். அப்பா படுக்கையிலிருந்து எழுந்து முகம் கழுவினார். அண்ணன், "அவங்க பாப்பாங்கல்ல?" என்று மட்டும் இரண்டு தடவை கேட்டான்.

ஐந்தரை மணி இருக்கும். கதவு தட்டப்பட்டது. எல்லாரும் அப்படியே நின்றார்கள். அண்ணி மகளை உள்ளறைக்குள் தள்ளினாள். அண்ணன்தான் போய்த் திறந்தான்.

ஒல்லியான ஆள். நாலு நாள் தாடி. சட்டையில் பெயின்ட் தெறித்த புள்ளிகள். கையில் குச்சியோ கல்லோ எதுவும் இல்லை.

"அந்தப் புள்ளையோட அப்பா நான்" என்றார்.

உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தார். அண்ணனுடைய கட்டுப் போட்ட கையைப் பார்த்தார்.

"ரெண்டாம் பக்கத்துல ஏதோ போட்டிருந்தாங்கல்ல. நான் பெயின்ட் அடிக்கப் போன வீட்ல தரைக்கு விரிச்சிருந்த பேப்பர். அதுல பார்த்தேன். ஒண்ணும் விளங்கல. ஸ்டேஷன்ல போய்க் கேட்டேன். புகார் குடுத்ததே நீங்கதான்னு சொன்னாங்க. நான் உங்களை என்னென்னவோ திட்டிட்டேன் சார். மனசுக்குள்ளதான், ஆனாலும் திட்டிட்டேன். அதைச் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

அண்ணி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தத் திருத்தத்தை உலகத்தில் ஒரே ஒரு ஆள் படித்திருக்கிறார், அது படிக்க வேண்டிய ஆளாகவே அமைந்துவிட்டது. அக்காவுக்குத் தரையில் விழுந்து அவரைக் கும்பிடலாம் போல இருந்தது.

"நாளைக்கு முதல் பக்கத்துலயே போடறோம் சார். நான்தான் அந்தத் தப்பைப் பண்ணினவ. நாளைக்கு இவர் படத்தை அதே அளவுல, சரியாப் போடறோம்" என்று படபடவென்று சொன்னாள்.

அவர் முகம் மாறியது. "படத்தோடயா?"

"ஆமா சார்."

"வேணாம்மா."

அவர் தன் முழங்கால்களைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"என் வீட்டுக்காரிக்குப் படிக்கத் தெரியாது. அன்னைக்கு யாரோ போன்ல காட்டிட்டாங்க. படத்தைப் பார்த்த உடனே, 'இவன்தான், இவன் கையாலதான் அந்தப் பாட்டிலைக் குடுத்தான்'னு பிடிச்சுக்கிட்டா. மூணு நாள் பச்சத் தண்ணி குடிக்கல. சுவத்துல போய் மோதிக்கிட்டா. அது வேற ஆளு, நீ ஆள் மாறிப் பார்த்துட்டேன்னு சொல்லிச் சொல்லி, நேத்துதான் ரெண்டு வாய் சாப்பிட்டா. மறுபடியும் அந்த முகம் வந்தா, மேல என்ன எழுதியிருந்தா அவளுக்கு என்ன? போன்லதான் காட்டுவாங்க. தாங்கமாட்டா."

"அவங்களுக்குப் படிச்சுச் சொல்லுங்க சார், இவர் குடுக்கலைன்னு…" என்று அக்கா தொடங்கினாள்.

"அவங்க ஆள் மாறிப் பார்க்கல" என்றான் அண்ணன்.

எல்லாரும் அவனைப் பார்த்தார்கள்.

"அன்னைக்கு மருந்து குடுக்கற ஜன்னல்ல ஆள் வரல. நான் போய் நின்னேன். மூணு வேளை, வேளைக்கு ஒரு மூடின்னு சொல்லி நான்தான் குடுத்தேன். உங்க வீட்டம்மா கைநீட்டினாங்க. உங்க பொண்ணு, நான் வச்சுக்கறேன்னு எக்கி வாங்கிக்கிச்சு. நீலக் கவுனு போட்டிருந்துச்சு." தன் நகத்தைப் பார்த்தான். "அதனாலதான் அன்னைக்கே உக்காந்து சுரண்டிப் பார்த்தேன். இல்லைன்னா எனக்கு எப்படித் தோணியிருக்கும்?"

இதை அவன் வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை.

வந்தவர் எழுந்தார். அடிப்பார் என்று அக்கா நினைத்தாள், அடித்தாலும் தடுக்கக் கூடாது என்றும் நினைத்தாள். அவர் அடிக்கவில்லை. அண்ணனைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

"நீங்க நல்லதுதான் பண்ணியிருக்கீங்க சார். எனக்குத் தெரியுது. ஆனா எனக்கே இப்ப உங்க முகத்தைப் பார்க்க முடியல." வாசலில் நின்று செருப்பைத் தேடினார். "நாளைக்கு அது மட்டும் வேணாம்மா" என்று அக்காவிடம் சொல்லிவிட்டு இறங்கினார். அவருக்கு ஊற்றி வைத்த டீ அப்படியே இருந்தது.

கதவு மூடியதும் அண்ணி வெடித்தாள். "போடணும்! கட்டாயம் போடணும்! எம்பொண்ணு நாளைக்கு எந்த முகத்தோட பள்ளிக்கூடம் போவா? இவர் எப்படி பஸ் ஏறுவார்? அவங்க வீட்ல ஒரு உயிர் போச்சு, சரி. எங்க வீட்டுலயும் ஒண்ணு போகணுமா?"

"வேணாம்" என்றான் அண்ணன்.

"அண்ணே, இதை விட்டா அப்புறம் கிடையாது. எடிட்டர் இதுக்கே எவ்வளவு யோசிச்சார் தெரியுமா? இனிமே வாயே திறக்க முடியாது. அந்தப் படம் ஆயுசுக்கும் போன்ல சுத்திக்கிட்டே இருக்கும். எவன் எந்த ஊர்ல பார்த்தாலும் நீதான் அதுல குற்றவாளி."

"தெரியும்."

"மறுபடியும் அடிப்பாங்க."

"பயமாத்தான் இருக்கு" என்றான். கட்டுப் போட்ட கையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டான். "ரெண்டு வாய் சாப்பிட்டாங்கன்னு சொன்னார்ல. நான் என்ன பண்ணட்டும், சொல்லு."

அக்கா அப்பாவைப் பார்த்தாள். அவர் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தாள். முப்பத்தைந்து வருஷம் ஒரு பிழையைக்கூட விட்டுவைக்காத மனுஷர் தலையைக் குனிந்துகொண்டார். அண்ணி உள்ளே போய் மகளைக் கட்டிக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள்.

மணி ஆறு நாற்பது. போனை எடுத்தாள். மறுமுனையில் உதவி ஆசிரியர். பின்னால் ஆபீசின் இரைச்சல்.

"சார், முதல் பக்கத்துல அந்தப் படம் இருக்குல்ல. அதை எடுத்துருங்க. தலைப்பு, வரி எல்லாத்தையும்."

"என்ன விளையாடறியா? இதுக்காகத்தானே அஞ்சு நாளா உயிரை விட்டே?"

"எடுத்துருங்க சார்."

"யார் சொன்னா? எடிட்டரா?"

"எங்கண்ணன் சொல்றார்."

அவர் குரல் வேலை நேரத்துக் குரலாக மாறியது. "நாலு பத்தி இடம்மா. ஏழு மணிக்கு அச்சுக்குப் போகணும். இப்ப வந்து எடுன்னா, அங்க நான் என்னத்தை வைக்கட்டும்?"

அண்ணன் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் சொன்னாள்.

"ஏதாவது விளம்பரம் இருந்தா வைங்க சார்."